மேலூர் பக்கம்

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் பிரஷர் குக்கர். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இயற்பியல் டீச்சருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது என்பதால் நானும் கண்டுகொள்வதில்லை. கோபம் எனக்குச் சட்டென்று வரும், சட்டென்று போய்விடும். போகாமல் நின்றுவிட்ட கோபம் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் எழுதுகிறேன். எழுதினால் போய்விடும் என்ற நம்பிக்கையெல்லாம் இல்லை.

திருப்பரங்குன்றத்தில் எங்களுக்குச் சொந்த வீடு. காலையில் மலையைச் சுற்றி நடப்பேன். அப்படி நடக்கிறவர்கள் முதலில் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்து, பிறகு பேசி, பிறகு சேர்ந்து டீ குடித்து, கடைசியில் வாட்ஸ்அப் குழுவாகிவிட்டோம். பதினைந்து பேர். ஒரு பல் டாக்டர், ஒரு ஆடிட்டர், இரண்டு பேராசிரியர்கள், வங்கியில் மேனேஜராக இருக்கும் என் தோழி, இப்படி. ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர்தான் தலைவர். எங்கள் எல்லோருக்கும் அவர் வெறும் 'சார்'. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு மலைக்குக் கூட்டிப்போவார். அவருக்கென்று சட்டங்கள் உண்டு. பிளாஸ்டிக் பாட்டில் கூடாது. எல்லோரும் ஒரே நிறத் தொப்பி போட வேண்டும். நல்ல ஷூ கட்டாயம். "செருப்போட வந்தா வேன்ல ஏத்த மாட்டேன்" என்று ஒவ்வொரு முறையும் குழுவில் எழுதுவார்.

அந்த மாதம் அவர் போட்ட செய்தி, "மலையும் மலையடிவாரக் கிராமங்களும், ஒரு நாள் நடை" என்று தொடங்கியது. மேலூரைத் தாண்டிப் போய், ஒரு மலையை வடபக்கம் ஏறித் தென்பக்கம் இறங்குவது திட்டம். வேன் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்து நிற்கும். இறங்குகிற இடத்தில் இருந்த ஊர் என் அப்பாவின் ஊர்.

எனக்கு ஆறு வயதாகும்போது அப்பாவுக்குத் தபால் ஆபீசில் வேலை கிடைத்து மதுரைக்கு வந்துவிட்டோம். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் அப்பா "மேலூர் பக்கம்" என்பார். அதற்குமேல் கேட்டால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவருடைய சொத்தாக எனக்கு வந்தது அந்தப் பதில்தான். மேலூரில் எங்கே என்று கேட்பார்கள். பக்கத்தில் ஒரு கிராமம், உங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு மல்லிகைப்பூ விற்கிற விலையைப் பேச ஆரம்பிப்பேன். அந்தக் குழுவிலும் நாலு வருடமாக அதையேதான் செய்தேன். அவர்கள் யாரும் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. என் புளியோதரையைப் பங்கு போட்டுத் தின்றிருக்கிறார்கள். நாங்கள் ஊர்த் தெருக்காரர்கள் இல்லை, காலனிக்காரர்கள் என்று நான் சொல்லாததற்கு அவர்கள் காரணமில்லை. கேட்காததைச் சொல்ல வேண்டியதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டிருந்தேன். சாருக்கு மட்டும்தானா சட்டம் போடத் தெரியும்.

சித்தப்பா மகன் அந்த ஊரில்தான் இருக்கிறான். லோடு ஆட்டோ ஓட்டுகிறான். கப்பலூர் கம்பெனிகளுக்குச் சரக்கு ஏற்றிப்போவான். பேச்சுவாக்கில் போனில் அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். சொன்னதுதான் தாமதம், துள்ளிவிட்டான்.

"பதினைஞ்சு பேருமாக்கா? அப்ப மத்தியானச் சாப்பாடு நம்ம வீட்டுலதான். வேற பேச்சே பேசாத."

அவன் அப்போதுதான் வீடு கட்டிக் குடிபோயிருந்தான். காலனியில் முதல் மாடி வீடு. பால் காய்ச்சியதற்கு ஊர்த் தெருவிலும் நாற்பது வீட்டுக்குப் பத்திரிகை வைத்திருந்தான். நாலு பேர் வந்தார்களாம். வாசலிலேயே நின்று, வீடு அம்சமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, நின்ற காலோடு திரும்பிவிட்டார்களாம்.

"ஒரு வாய் காப்பித் தண்ணி குடிக்கலக்கா. வாசப்படியத் தாண்டல. மதுரையிலருந்து பதினைஞ்சு பேரு வந்து நம்ம வீட்டுல உக்காந்து சாப்பிட்டுப் போகட்டும். ஊரு பாக்கட்டும்."

அவன் குரலில் அப்படி ஒரு ஆசை. எனக்கு மறுக்க வாய் வரவில்லை. சரி என்றதும் கொஞ்சம் இழுத்தான்.

"ஒண்ணே ஒண்ணுக்கா. மந்தைத் தெரு வழியாத்தான் வரணும். அதுல வரும்போது மட்டும் ஷூவக் கழட்டிக்க."

குக்கர் விசில் அடித்தது. இன்னுமாடா, எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள், போலீஸ் இல்லையா, கலெக்டர் இல்லையா என்று கத்தினேன். கத்தி முடிக்கும்வரை பொறுமையாக இருந்தான். முன்னே மாதிரி யாரும் கழற்று என்று சொல்வதில்லையாம். யாரோ புகார் எழுதிப்போட்டு அதிகாரிகள் வந்து விசாரித்துவிட்டுப் போன பிறகு, தெருமுனையில் ஒரு பலகை வைத்துவிட்டார்களாம். சாமி தெரு, செருப்பு அணியாதீர், இப்படிக்கு ஊர்ப் பொது. எல்லோருக்கும் பொதுவான பலகை. அந்தத் தெருக்காரர்கள் செருப்புப் போட்டுத்தான் நடக்கிறார்கள். காலனிக்காரன் போட்டு நடந்தால்தான் பலகை ஞாபகம் வரும். பைக்கில் வந்தாலும் அவன் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போவானாம்.

"கண்மாய்க் கரை வழியாக் கூட்டிட்டு வாரேன்டா."

"கரையில வேலை நடக்குதுக்கா. தோண்டிப் போட்ருக்காங்க. நடக்கவே முடியாது. அந்த ஒரு தெருதானே. எனக்காகக்கா."

அவன் அங்கே வாழ்கிறவன். நான் மாலையில் வேன் ஏறிவிடுவேன். அவனோ மறுநாள் காலையில் அதே தெருவில் வண்டியை உருட்ட வேண்டும். சரிடா என்றேன். போனை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவினேன்.

சாரிடம், அது என் அப்பா ஊர், சாப்பாடு சொந்தக்காரர் வீட்டில் என்று மட்டும் சொன்னேன். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. குழுவில் கொட்டை எழுத்தில் போட்டார்: "நம் டீச்சரின் பூர்வீக ஊரில் அசல் கிராமத்துச் சாப்பாடு!" உடனே விறகு அடுப்பா, மண் சட்டியா, அம்மியில் அரைத்ததா என்று கேள்விகள். என் தம்பி வீட்டில் கேஸ் அடுப்பும் மிக்ஸியும்தான் இருக்கின்றன. கிராமத்தான் மட்டும் அம்மியில் அரைத்துக்கொண்டே கிடக்க வேண்டும், இவர்கள் வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஞாயிறு விடியும்போது வேன் கிளம்பியது. மேலூரில் நிறுத்திச் சாப்பிட்டோம். சார் இரண்டு கறிதோசை சாப்பிட்டு, குடல் குழம்பு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். மலையேறத் தெம்பு வேண்டும் என்றார்.

வடபக்கத்து ஊரில் இறங்கி ஏற ஆரம்பித்தபோது வெயில் இன்னும் உறைக்கவில்லை. மலை என்றால் மேகம் மூடிய மலை இல்லை. எங்கள் பக்கத்து மலைகள் வெறும் பாறைகள். யானை படுத்திருப்பதுபோல் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். இடுக்கெல்லாம் கள்ளியும் உசிலையும் காரைச் செடியும். ஆடு போன தடம்தான் பாதை. முதல் அரை மணி நேரம் எல்லோரும் பேசினார்கள். அதற்குப் பிறகு மூச்சுதான் பேசியது. ஒரு பாறை திரும்பியதும் எங்கள் வேன் தீப்பெட்டி மாதிரி கீழே தெரிந்தது. வயல், கண்மாய், அதற்கப்பால் நாற்கரச் சாலை, அதற்கும் அப்பால் புழுதியாக ஒரு கோடு. நன்றாகத்தான் இருந்தது. நான் கோபக்காரிதான், குருடி இல்லை. காற்று அடித்தபோது கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

மலையின் இடுப்பில் ஒரு குடியிருப்பு. பத்து வீடு இருந்தால் அதிகம். எல்லாம் ஆடு வளர்க்கிறவர்கள். சுனையிலிருந்து ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். ஆடிட்டர் கேமராவை எடுத்துவிட்டார். அவளிடம் கேட்கவில்லை. நாலு படம் எடுத்ததும், "அம்மா, கொஞ்சம் தலையில வச்சுக்கங்களேன். அதுதான் அழகா இருக்கும்" என்றார்.

அவள் நின்றாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எறக்கித் தலையில வச்சுவிட நீங்க ஒரு கை பிடிப்பீகளா? பிடிங்க, வைக்கிறேன்" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே பின்வாங்கினார். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பேசாமல் சுனைத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு நடந்தேன். அன்றைக்கு நான் பேசாமல் நடந்த இடங்களைக் கணக்கெடுத்தால் மலையைவிட நீளம் வரும்.

கணவாயைத் தாண்டித் தென்பக்கம் வந்ததும் எல்லோரும் ஒரே குரலில் "ஆ" என்றார்கள். அந்தப் பக்கம் பாதி மலை இல்லை. கிரானைட் எடுக்கிறோம் என்று அல்வாத் தட்டில் கத்தி போட்டதுபோல் சதுரம் சதுரமாக அறுத்திருந்தார்கள். அடியில் ஆழமான குழி. குழி நிறையப் பச்சைத் தண்ணீர், பளபளவென்று, அசைவே இல்லாமல். நாலு பக்கமும் செங்குத்தான கல் சுவர்.

"ஸ்விட்சர்லாந்து மாதிரி இருக்குல்ல!" என்றார் பல் டாக்டர். அவர் போயிருக்கிறார். போன வருடம் குடும்பத்தோடு போய்விட்டு வந்து ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களின் படங்களாக நூற்றுக்கணக்கில் அனுப்பினார். ஜன்னலெல்லாம் பூ, பசுமாட்டுக் கழுத்தெல்லாம் மணி. இப்போது இந்தக் குழியின் ஓரத்தில் வரிசையாக நின்று செல்ஃபி எடுத்தார்கள். தலைக்குமேலே கையை விரித்து ஒருவர், துப்பட்டாவைப் பறக்கவிட்டு ஒருவர்.

அங்கே மலை இருந்தது. ஆறு வயதுவரை நான் பார்த்த மலை. என் சித்தப்பா அதில்தான் கல்லுக்குத் துளை போட்டார். பதினெட்டு வருடம் துளை போட்டு, அந்தத் தூளெல்லாம் நெஞ்சில் இறங்கி, படுத்தால் மூச்சு வராமல் உட்கார்ந்தபடியே தூங்கி, உட்கார்ந்தபடியே செத்தார். அவர் மகன் வீட்டில்தான் இவர்கள் சாப்பிடப் போகிறார்கள். ஸ்விட்சர்லாந்தாம். என் தோழி, "வாப்பா, நீயும் நில்லு, ஒரு படம்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க நானும் நின்றேன். அந்தப் படம் இன்னும் குழுவில் இருக்கிறது. எல்லோரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். நான் யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி இருக்கிறேன்.

ஊரை அடையும்போது உச்சி வெயில். மந்தைத் தெரு முனையில் தம்பி சொன்ன பலகை இருந்தது. மஞ்சள் பெயிண்டில் சிவப்பு எழுத்து. ஊர்ப் பொது என்பதைக் கொஞ்சம் பெரிதாக எழுதியிருந்தார்கள்.

சார் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். "பாருங்க, இன்னும் எம்புட்டு பக்தி! நம்ம சிட்டில இதெல்லாம் போச்சு. எல்லாரும் ஷூவக் கழட்டுங்க. அவங்க வழக்கத்த நாம மதிக்கணும்."

பதினாலு பேரும் சந்தோஷமாகக் குனிந்தார்கள். சாக்ஸைச் சுருட்டி ஷூவுக்குள் திணித்தார்கள். தரை சுட்டது. "அம்மா", "ஐயோ" என்று சிரித்துக்கொண்டு, குளத்தில் இறங்கிய வாத்து மாதிரி தத்தித் தத்தி நடந்தார்கள். நானும் கழற்றினேன். எல்லோரோடும் சேர்ந்து கழற்றுகிறேன், வித்தியாசம் தெரியாது, தம்பிக்கும் வம்பில்லை என்று ஒரு நிம்மதி.

இருபது அடி போயிருப்போம். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் பதறி எழுந்து வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, காலில் தோல் செருப்பு.

"ஐயையோ, என்ன சார் இது! நீங்க வெளியூர்க்காரங்க. கல்லும் முள்ளும் குத்தும். போட்டுக்கங்க சார், போட்டுக்கங்க. சாமி ஒண்ணும் சொல்லாது."

என்னையும் பார்த்துத்தான் சொன்னார். "நீங்களும் போட்டுக்கங்கம்மா. காலு பொசுங்குது பாருங்க."

நான் போட்டுக்கொண்டேன். இதை மறைக்கப் போவதில்லை. அப்போதே என்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தத் தெருவில் ஷூ போட்டு, லேஸை இரட்டை முடிச்சாக முடிந்துகொண்டு நிமிர்ந்தபோது எனக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது. அப்பா ஒருமுறைகூட அப்படி நடக்காத தெரு. வெளியூர்க்காரியாக நடந்தால் என்ன, நடை நடைதானே என்று நினைத்தேன். ஐம்பது அடி நடந்தேன். ஐம்பதே அடி.

கோவிலுக்கு முன்னால் மோர் கொடுத்தார்கள். அந்தப் பெரியவர்தான் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார். சாருக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. நெகிழ்ந்தால் அவருக்கு வாய் சும்மா இருக்காது. நாலு பேர் முன்னால் என் தோளைத் தொட்டு முன்னே நிறுத்தி, "எங்க டீச்சர் உங்க ஊருதாங்க! பூர்வீகம் இதுதான்!" என்றார். பரிசு கொடுக்கிற தோரணையில் சொன்னார்.

பெரியவர் முகம் மலர்ந்தது. "அப்படியா! நம்ம ஊரு புள்ளையா? யாரு மகம்மா?"

எங்கள் பக்கம் இது கேட்காமல் இருக்க முடியாத கேள்வி. எந்த ஊர், யார் மகள், எந்தத் தெரு. மூன்றாவதுக்கு வருவதற்காகத்தான் முதல் இரண்டும். அன்றைக்கு மல்லிகைப்பூ விலை வாயில் வரவில்லை. அப்பா பெயரைச் சொன்னேன். தபால் ஆபீசில் இருந்தவர் என்றேன்.

அவர் யோசித்தார். யோசித்து முடித்ததும் முகம் மாறவில்லை. சிரிப்புக்கூட அப்படியேதான் இருந்தது. கண் மட்டும் இறங்கி என் காலுக்குப் போனது. பக்கத்தில் நின்றவர்களின் கண்ணும் போனது. மோர்ச் செம்பு வைத்திருந்த பெண்ணும் பார்த்தாள். பத்து இருபது கண் என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அவன் மகளா? உங்கப்பன் நல்ல மனுசன். மந்தையில வந்தா தல நிமிந்து பாக்க மாட்டான். அம்புட்டு மரியாத தெரிஞ்சவன்" என்றார் பெரியவர். "சரி, பாத்துப் போ."

தெருவின் அந்தக் கடைசியில் தம்பி நின்றுகொண்டிருந்தான். எங்களை எதிர்கொண்டு அழைக்க வந்தவன். புதுச் சட்டை. வெறுங்கால். செருப்பைக் கையில் பிடித்திருந்தான். கூட்டம் நின்றதையும் எல்லோரும் குனிந்து பார்ப்பதையும் பார்த்துவிட்டு, மார்புக்கு நேரே கையை வைத்து, கெஞ்சுகிற மாதிரி, கழற்று என்று சைகை செய்தான்.

குனிந்தேன். இரட்டை முடிச்சு. அவிழ மாட்டேன் என்றது. நகத்தால் நெம்பி நெம்பி இழுத்தேன்.

"என்ன மேடம், ஷூவுக்குள்ள கல்லா?" என்றார் சார்.

"கல் இல்ல சார். வெளியூர்க்காரங்களத்தான் போட்டுக்கச் சொன்னாங்க. என்னைச் சொல்லல. நான் காலனிக்காரி."

பெரியவர் சாரைப் பார்த்து, "நான் ஏதாச்சும் சொன்னேனா சார்? கழட்டச் சொன்னேனா? நீங்களே சொல்லுங்க" என்றார். சொல்லவில்லைதான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோர்ட்டுக்குப் போனால்கூட அவர் சொன்னதெல்லாம் மரியாதையான வார்த்தைகள்தான்.

சார் என் பக்கம் சாய்ந்து மெதுவாக, "விடுங்க மேடம். பெருசாக்க வேணாம். நாம விருந்தாளியா வந்திருக்கோம்" என்றார்.

நாம். அந்த 'நாமில்' நான் எங்கே இருந்தேன் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. கால் மணி நேரத்துக்கு முன்னால் அவர்கள் வழக்கத்தை மதிக்க வேண்டும் என்று எல்லோர் ஷூவையும் கழற்றச் சொன்ன மனிதர் அவர். இப்போது ஒருத்தி கழற்றுகிறாள், இன்னொரு ஆள்கூடக் குனியவில்லை. எனக்கு முன்னால் ஏழெட்டு ஜோடி ஷூ, பின்னால் ஏழெட்டு ஜோடி ஷூ. நடுவில் நான் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். சிமெண்ட் ரோடு தோசைக்கல்லாய்க் காய்ந்தது. வேகமாக நடந்தால் சூடு குறையும். வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். என் தோழி பக்கத்தில் வந்து என் முழங்கையைப் பிடித்தாள். உதறிவிட்டேன்.

"நல்ல வேளைக்கா, கழட்டிட்ட" என்றான் தம்பி, தெருவைத் தாண்டியதும். அவன் முகத்தில் வியர்வை ஆறாய் ஓடியது. அதைத் துடைத்துக்கொண்டு உடனே சிரித்தான். "வாங்க சார், வாங்கம்மா. வீடு இந்தா, ரெண்டு நிமிசம். எல ரெடியா இருக்கு."

யாரும் நகரவில்லை. சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இல்ல தம்பி, வேன் டிரைவர் அவசரப்படுறாரு. அதோட நான் இன்னைக்கு விரதம்."

"சைவமும் தனியாச் செஞ்சிருக்கு சார். அதுக்குன்னு புதுப் பாத்திரம் வாங்கி ஆக்கினது. கை படாம இருக்கு."

"சாப்பாடே இல்ல தம்பி இன்னைக்கு. வெறும் பழம்தான்."

இரண்டு கறிதோசையும் குடல் குழம்பும் தின்ற விரதம். மேலூரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் எல்லோரும் அங்கே நிற்கிறார்கள். ஒருவர் வாய் திறக்கவில்லை. திறந்தவர்கள் தங்கள் காரணத்தைச் சொல்லத்தான் திறந்தார்கள். பல் டாக்டருக்கு வயிறு சரியில்லை. ஒரு பேராசிரியருக்கு வீட்டில் விருந்தாளி. ஆடிட்டருக்கு வெயிலில் தலை சுற்றுகிறது, இப்போது சாப்பிட்டால் வாந்தி வரும். நாலு வருடம் என் புளியோதரையைத் தின்ற வயிறுகள். அன்றைக்குத்தான் ஒரே நேரத்தில் எல்லாம் கெட்டுப்போயின. வாயைத் திறந்தேன். தம்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். மூடிக்கொண்டேன்.

நாலு பேர் வந்தார்கள். என் தோழி, இன்னொரு பேராசிரியரும் அவர் மனைவியும், ஒரு மருந்துக்கடைக்காரர். மற்றவர்கள் வேனில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். காலனிக்குள் நாங்கள் நடந்தபோது வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்றார்கள். பதினைந்து பேர் வருவதாகத் தம்பி எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். அவர்கள் எங்களை எண்ணிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

ஹாலில் நீல பெயிண்ட் வாசம் இன்னும் போகவில்லை. பந்திப் பாயில் பதினைந்து இலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தண்ணீர் டம்ளர். தம்பி பெண்டாட்டி எங்களைப் பார்த்தாள், எங்களுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள், மறுபடி எங்களைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் சோற்றைப் போட ஆரம்பித்தாள். நாட்டுக்கோழிக் குழம்பு, அயிரை மீன், சுக்கா. விரதக்காரருக்கான சாம்பாரும் பொரியலும் பளபளவென்ற புதுப் பாத்திரங்களில் மூடியபடி ஓரமாக இருந்தன. நான் சாப்பிட உட்காரவில்லை. தம்பியோடு சேர்ந்து பரிமாறினேன்.

வந்த நாலு பேரும் நன்றாகவே சாப்பிட்டார்கள். அதையும் சொல்ல வேண்டும். என் தோழி இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கினாள். கை கழுவிவிட்டு வந்தவள், அழுகிற மாதிரி குரலை வைத்துக்கொண்டு, "ஏன்ப்பா, நாலு வருசமா தினம் ஒண்ணா நடக்குறோம். என்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலையே நீ? சொல்லியிருந்தா இப்படி ஆகியிருக்காதுல்ல?" என்றாள்.

தம்பி அப்போது டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தான். நின்றுவிட்டான்.

வேன் ஹாரன் அடித்தது. நீங்கள் போங்கள், நான் பஸ்ஸில் வந்துகொள்கிறேன் என்றேன். நாலு பேரையும் தம்பி தெருமுனைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். வந்து, விரித்தபடியே கிடந்த இலைகளுக்கு நடுவில் உட்கார்ந்தான்.

"அவங்களுக்குத் தெரியாதாக்கா?"

"தெரியாது."

"நாலு வருசமாவா?"

நான் பக்கத்தில் கிடந்த ஒரு வெற்று இலையை மடித்தேன்.

"தெரிஞ்சுதான் வாராங்கன்னு நெனச்சேன். தெரிஞ்சும் நம்ம வீட்டுல சாப்பிட வாராங்களேன்னுதான் எனக்கு அம்புட்டு சந்தோசம். காலனி முழுக்கச் சொல்லிட்டேன்."

அவன் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபத்துக்குக் கோபம் என்னிடம் எப்போதும் இருப்பு உண்டு. அவன் கணக்குத் தப்பாகிப்போன பிள்ளை மாதிரி அந்த இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து நான் விழுங்கினதெல்லாம் சாருக்குப் போக வேண்டியது, அந்தப் பெரியவருக்குப் போக வேண்டியது. அத்தனையும் அவன் தலையில் விழுந்தது.

"நீ என்னைக் கேக்குறியாடா? செருப்பக் கையில தூக்கிட்டு அலையிற நீ என்னைக் கேக்குறியா?" என்று கத்தினேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். குரலை உயர்த்தவில்லை.

"நான் அந்த ஒரு தெருவுலதான்க்கா கழட்டுறேன்" என்றான்.

பிறகு எழுந்து, "உக்காருக்கா, நீ இன்னும் சாப்பிடல" என்று ஒரு இலையில் தண்ணீர் தெளித்தான்.